ஆறாம் நாள் விதைப்பு

அன்பு மகனுக்கு,

தை முடிவதற்குள் என் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று நீ கேட்டிருந்தாய். மாதம் முடியப் போகிறது. நம் வயலைச் சோலார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, நான் ஓசூருக்கு வந்து உன்னோடும் மருமகளோடும் பேத்தியோடும் இருந்துகொள்ள வேண்டும் என்பது உன் விருப்பம். அது பாசத்தில் பிறந்த விருப்பம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நீ அலைபேசியில் கேட்ட ஒவ்வொரு முறையும் நான் பேச்சை மாற்றினேன். பேத்தி சாப்பிட்டாளா என்றேன். அங்கே குளிர் எப்படி என்றேன். பேசினால் என் குரல் எனக்கு அடங்காது. எழுத்து அடங்கும். பள்ளிக்கூடத்துப் படி ஏறாமல், மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த தாள்களில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். "எங்க வீட்டுல ஒரு வக்கீலம்மா இருக்கா, கேட்டுத்தான் எதையும் செய்யணும்" என்று உன் அய்யா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த வக்கீலம்மாவின் வாதமாகவே இதை எண்ணி, முடியும் வரை பொறுமையாகப் படி.

நீ கோபத்தோடு ஊரை விட்டுப் புறப்படக் காரணமான அந்த ஆறாம் நாளிலிருந்து தொடங்குகிறேன். ஆவணிக் கடைசியில், வரப்பு வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே உன் அய்யா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழவில்லை. புழுதியில் விதைக்கும் காலம் நெருங்கியிருந்தது. நம் பக்கத்தில் மழையைக் கண்டு விதைப்பவர் இல்லை. காய்ந்த மண்ணை உழுது, காய்ந்த விதையைப் போட்டு மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நம் வேளாண்மை. மழைக்குப் பின் விதைக்கலாம் என்றால் கரிசல் மண் காலை உள்ளே இழுக்கும்; கண்மாய்த் தண்ணீரும் கதிர் முற்றும் வரை தாங்காது. சாவு விழுந்த வீட்டாரோ கருமாதி முடியும் வரை விதையைத் தொடலாகாது. அதற்கு நம் ஊர் ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. விதைப்புக் காலத்தில் ஒருவர் இறந்தால், அதே மடையில் தண்ணீர் பாயும் மற்ற வீட்டார் ஆறாம் நாள் காலையில் வந்து, இறந்தவருடைய வயலை முதலில் விதைத்துக் கொடுப்பார்கள். அதன் பிறகே தங்கள் வயலில் விதை போடுவார்கள். கூலி வாங்க மாட்டார்கள். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். வாசலில் நின்று, "விதை எங்கன இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். வீட்டார் வாய் திறக்காமல் கையை நீட்டிக் காட்ட வேண்டும். விடுதியில் தங்கிப் படித்து, அங்கிருந்தே வேலைக்குப் போனவன் நீ. இந்த வழக்கத்தை நீ கண்டதில்லை. நாங்களும் உனக்குச் சொல்லி வைக்கவில்லை. பிள்ளைக்குச் சொல்லும் அளவுக்கு அந்தச் சாவு நம் வீட்டில் விழும் என்று யார் நினைத்தது?

அன்று காலை, கூடப் பிறக்காவிட்டாலும் உன் அய்யாவை அண்ணன் என்றே அழைக்கும் சாத்தையா சித்தப்பா முன்னால் நின்றார். அவர் மனைவி பூமயிலும் மற்ற வீட்டு ஆண்களும் பின்னால் நின்றார்கள். ஏர்வாடிப் பக்கத்திலிருந்து டிராக்டர் ஓட்டி வரும் சீனி, வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். நீ பந்தலில் நாற்காலியில் அமர்ந்திருந்தாய்.

"விதை எங்கன இருக்கு, தம்பி?" என்றார் சாத்தையா.

"எதுக்கு சித்தப்பா? இந்த வருசம் விதைக்கல. நெலத்த சோலாருக்கு விடப்போறோம். நீங்க போயி ஒங்க வேலையப் பாருங்க."

நீ மரியாதையாகத்தான் சொன்னாய். ஆனால் அவர்கள் போகவில்லை. சாத்தையா ஓரடி முன்னால் வந்தார்.

"ஒங்கய்யா வயலத் தரிசாப் போட்டுட்டு நாங்க எங்கன போயி விதைக்க? ஏலே, அவரு வயல்ல விதை விழாம எங்க வயல்ல விழுகாதுடா."

"அதெல்லாம் அந்தக் காலம் சித்தப்பா."

"அந்தக் காலமா?" என்றாள் பூமயில். "ஒங்கய்யா போயி ஆறு நாளுதானப்பா ஆச்சு."

உள்ளறையில் தலைவிரி கோலமாகக் கிடந்த நான் அந்தச் சொல்லைக் கேட்டேன். நான் வாசலுக்கு வரக் கூடாத நாள் அது. வந்தேன். உன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, விதை மூட்டைகள் இருந்த அறையை நோக்கிக் கையை நீட்டினேன். நீ திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் நான் சுமந்துகொண்டிருக்கிறேன். அவர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போன பின், "என்னைய ஒரு வார்த்தை கேட்டியாம்மா? எல்லாரு முன்னாடியும் என்னைய ஒண்ணுமில்லாதவனா ஆக்கிட்டியே" என்றாய். கருமாதி முடிந்ததும் பேருந்து ஏறிவிட்டாய். நீ சொன்னது உண்மை. ஊர் முன்னால் உன் வார்த்தையை நான் கீழே தள்ளினேன். உன்னிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்க வேண்டிய நாளில் அதைச் செய்தேன். ஆனால் என் கை நீளாமல் இருந்திருந்தால், ஆறு வீட்டு வயல்களும் விதையின்றிக் கிடந்திருக்கும். அதை அன்று உனக்கு எடுத்துரைக்க என்னிடம் மூச்சு இருக்கவில்லை.

நம் வயலில் விதை விழுந்த மூன்றாம் நாள் மழை பெய்தது. நல்ல மழை என்று சொல்ல இயலாது. மேல்மண்ணை நனைத்துவிட்டுக் கடல் பக்கம் போய்விட்டது. சீனியின் ஒரே டிராக்டர் வேறு ஊர் வேலை முடித்து மற்றவர்களுடைய முறைக்கு இறங்குவதற்குள் கரிசல் குழைந்துவிட்டதால், அவர்கள் விதைக்கவில்லை. நம் வயல் மட்டும் முளைத்தது. அந்தப் பச்சையைக் கண்டபோது எனக்கு உண்டான பெருமிதத்தை எவ்வாறு எழுதுவேன்! பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிப் போய், படம் பிடித்து வாட்சப்பில் உனக்கு அனுப்பச் சொன்னேன். "உன் அய்யாவின் வயல் முளைத்துவிட்டது" என்று நானே அதன் கீழே எழுதினேன். உனக்குப் புத்தி சொல்வதாகவே அதை எழுதினேன் என்பதை நீ உணர்ந்திருப்பாய். நீ கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் பதிலாக அனுப்பினாய்.

அதன் பிறகு என்னிடமிருந்து எந்தப் படமும் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு நன்றி. வானம் மூடவே இல்லை. புரட்டாசி வெயில் ஐப்பசிக்குள்ளும் தொடர்ந்தது. முளைத்த பயிர் முதலில் நுனி சுருண்டது. பிறகு வைக்கோல் நிறம் கொண்டது. பிறகு கையால் தொட்டால் பொடியாகியது. நான் குடத்தில் தண்ணீர் சுமந்து கொண்டுபோய் ஒரு மூலையை நனைத்தேன். ஒரு வயலைக் குடத்தால் வளர்க்க முடியாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சும்மா நிற்க முடியவில்லை. மழைக்குப் பின் மண் மறுபடி புழுதியான போது மற்ற வீட்டார் விதைத்தார்கள். அந்த விதை மண்ணுக்குள் காய்ந்தே கிடந்ததால் பிழைத்துக்கொண்டது. ஐப்பசிப் பிற்பாதியில் உண்மையான மழை இறங்கியபோது நம் வயலைச் சுற்றிலும் பச்சை எழுந்தது. நடுவில் நம் வயல் கருகிக் கிடந்தது. மகனே, உன் அய்யாவுக்கு மரியாதை செய்வதற்காக அவருடைய வயலை முதலில் விதைத்தார்கள். முதலில் விதைத்ததனாலேயே அது அழிந்தது. நீ அலைபேசியில், "பயிரு எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டாய். "நல்லா இருக்குப்பா" என்றேன். உன் சொல்லே சரியென்று ஆகிவிட்டதை உன் காதில் போட என் நா எழவில்லை.

சாத்தையா சித்தப்பா நம் தெரு வழியே வருவதை நிறுத்திவிட்டார். கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு தன் வயலுக்குப் போனார். பூமயில் கடையில் என்னைக் கண்டால் வாங்க வந்ததை வாங்காமல் திரும்பினாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களைக் காட்டிலும், விசாரிக்க வராத அவர்களே எனக்குக் கூடுதல் துக்கத்தைத் தந்தார்கள். ஒரு நாள் நானே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். சாத்தையா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கொழுந்தனாரே, எங்க தெருவுல நாய் கடிக்குதா?"

"நாய் கடிச்சாத் தேவலையே மதினி" என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பாராமல் நின்றார். "ஒங்க வயல நாங்கதான் கெடுத்தோம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் வர? எங்க அண்ணன் இருந்தா, கொஞ்சம் பொறுங்கடா, மேக்க மேகம் வேற மாதிரி இருக்குன்னு சொல்லிருப்பாரு."

"ஒங்க அண்ணன் இருந்திருந்தா ஒங்களுக்கு எங்க வயல்ல என்ன சோலி?"

பூமயில் உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அவ்விதமே ஆனேன்.

மறுநாள் அவர்கள் செய்த காரியத்தை நீ நேரில் கண்டிருக்க வேண்டும். விதைப்பு அடர்த்தியாக விழுந்த இடங்களில் பயிரைக் கலைத்துப் பிடுங்கி, வெற்றிடத்தில் ஊன்றுவது நம் பக்கத்து வேலைமுறை. ஒரே வயலுக்குள் செய்வதுதான் வழக்கம். அவர்கள் தங்கள் ஆறு வயல்களிலும் பிடுங்கிய நாற்றை முடி முடியாகக் கட்டி, தலையில் சுமந்து வந்து, கருகிய நம் வயலில் நட்டார்கள். ஒவ்வொரு வீட்டு நெல்லும் ஒவ்வொரு ரகம். ஒன்று முந்தி விளைவது, ஒன்று பிந்தி விளைவது, ஒன்று உயரம், ஒன்று குட்டை. நட்டு முடித்த வயல் ஒட்டுப்போட்ட சேலையைப் போலத் தெரிந்தது. "மதினி, இந்த ஒரு வயல அறுக்க நாங்க ஆறு தடவ வரணும், ஆறு தடவயும் கறிக்குழம்பு வைக்கணும், சொல்லிப்புட்டேன்" என்றாள் பூமயில். சீனி வரப்பில் நின்று, "நான் நட்டதில்லம்மா, எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டே ஒரு முடியை வாங்கிக் கோணல்மாணலாக ஊன்றினார். அந்த வரிசை மட்டும் கடைசி வரை வளைந்தே நின்றது. விவசாயத்தில் என்ன கிடைக்கிறது என்று நீ என்னைப் பலமுறை கேட்டிருக்கிறாய். உன் கேள்விக்கு மூட்டைக் கணக்கில் விடை சொல்ல நான் முயன்று தோற்றிருக்கிறேன். அந்த வளைந்த வரிசையை உனக்குக் காட்டியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

மார்கழியில் நீ அனுப்பிய புரோக்கர் வந்தார். நல்ல பிள்ளைதான், காலணியைக் கழற்றிவிட்டே வரப்பில் ஏறினார். நாடாவைப் பிடித்து அளந்துகொண்டு வந்தவர், வயலின் நடுவே ஓடும் வாய்க்காலருகில் நின்றார். "இது ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. வேலி சுத்தி வரும்போது இதை மூடிருவாங்க" என்றார். அந்த வாய்க்கால் நமக்காக மட்டும் ஓடவில்லை என்பதை நீ அறிவாயா? கண்மாய் மடையிலிருந்து வரும் தண்ணீர் நம் வயலைக் கடந்தே சாத்தையாவின் வயலுக்கும் அதற்கும் கீழே உள்ள வயல்களுக்கும் போகிறது. அதை மூடினால் அவ்வளவும் பொட்டலாகும். பின்னர் சீமைக்கருவேலம் முளைக்கும். பின்னர் அவர்களும் அதே புரோக்கரைத் தேட வேண்டிவரும். வாய்க்காலை வேலிக்கு வெளியே விட இயலுமா என்று கேட்டேன். முழு இடமாக இருந்தால்தான் நிறுவனம் எடுக்கும் என்றார். உன்னிடம் இதைச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தும் நீ கேட்டாய் என்று எண்ண என் மனம் ஒப்பவில்லை.

கதை இவ்விடத்தில் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் பாதிகூட நிரம்பவில்லை. தை பிறந்தபோது, நெல் பால் பிடிக்கும் தருணத்தில், மடையில் சேறுதான் வந்தது. இன்னும் ஒரு நனைப்பு கிடைத்திருந்தால் போதும். முந்தி விளையும் ரகங்கள் தப்பித்தன. பிந்தி விளைபவை கதிர் நிமிர்ந்தபடியே நின்றன. நெல் மணி பிடித்த கதிர் தலை குனியும். நிமிர்ந்து நிற்பது சாவி, உள்ளே ஒன்றுமில்லை. சாத்தையாவின் ரகம் பிந்தியது. நம் வயலில் அவர் நட்ட பகுதியும் சாவி. அவர் சொந்த வயல் முழுவதும் சாவி. அவர் ஒரு கதிரைக் கசக்கி ஊதினார். உமி மட்டும் பறந்தது. "மாட்டுக்காச்சும் ஆகும் மதினி" என்றார். வேறொரு வீட்டின் முந்திய ரக நாற்றைப் பூமயில் நட்ட மூலையும் வேறு சில திட்டுகளும்தான் நம் களத்துக்கு வந்தன. அவற்றுள்ளும் மயில்கள் தம் பங்கை எடுத்துக்கொண்டன. ஆறு முறை அறுப்பும் நடக்கவில்லை. ஆறு முறை குழம்பும் வைக்கவில்லை.

உன் அய்யா தினமும் உன்னை அழைத்து, "அங்கன மழையா?" என்று கேட்பார் அல்லவா? "ஓசூர்ல மழை பெஞ்சா ஒங்களுக்கு என்ன?" என்று நீ ஒருமுறை சலித்துக்கொண்டாய். அவர் அலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, "பயலுக்கு வேலை போலருக்கு" என்றார். அவருக்கு மகனிடம் பேசத் தெரிந்தது அந்த ஒரு பேச்சுதான். நன்றாக இருக்கிறாயா, சாப்பிட்டாயா, என்னை நினைக்கிறாயா என்பதையெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வைத்து அனுப்பினார். இதை நான் அப்பொழுதே உனக்கு விளக்கியிருக்கலாம். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவள், என் வீட்டில் இருவருக்கு நடுவே ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கத் தவறினேன். அவர் இறந்த பின் நீ என்னை அழைத்தபோது ஒரு நாள், பேச்சு எல்லாம் முடிந்து வைக்கப் போகும் நேரத்தில், "அங்க மழையாம்மா?" என்றாய். நான் பதில் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்தேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லையப்பா.

இப்பொழுது என் முடிவு. நான் ஓசூருக்கு வர மாட்டேன். நான் உயிரோடு இருக்கும் வரை அந்தக் குத்தகைத் தாளில் கையெழுத்திட மாட்டேன். பேத்தி நடக்கப் பழகுவதை நான் பார்க்கப் போவதில்லை. அவள் முதல் சொல்லை நீ படம் பிடித்து அனுப்பித்தான் கேட்பேன். இந்த இழப்பை அறியாமல் நான் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்த புரட்டாசியிலும் புழுதியில் விதைப்பேன். அது முளைக்கலாம், கருகலாம், முளைத்துக் கருகலாம். உனக்கு அது மூடத்தனமாகத் தோன்றினால் உன்னோடு வழக்காட மாட்டேன். இந்த ஆண்டைப் பார்த்துவிட்டு அவ்வாறு தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் நம் பெயரில் உள்ள அந்த மண் நம்முடையது மட்டுமல்ல. அதன் வழியே மற்றவர்களின் தண்ணீர் ஓடுகிறது. அதன் மேல் மற்றவர்களின் நாற்று நின்றது. அதை மூடும் கை என்னுடையதாக இருக்க வேண்டாம்.

எனக்குப் பின் நிலம் உன்னுடையது. உன் பிழைப்பு அங்கே, உன் பிள்ளையின் படிப்பு அங்கே. இங்கே வந்து உழ வேண்டும் என்று உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. நீ அதை யாரிடம் கொடுத்தாலும் நான் வந்து தடுக்கப் போவதில்லை. வாய்க்காலை மட்டும் வேலிக்கு வெளியே விடச் சொல். அதற்கு ஒப்பாதவரிடம் கொடுக்காதே.

மற்றொன்றும் உண்டு. எனக்கும் வயதாகிவிட்டது, என் நாள் விதைப்புக் காலத்தில் வந்தாலும் வரலாம். வந்தால், ஆறாம் நாள் காலையில் அவர்கள் வருவார்கள். சாத்தையா இருந்தால் அவர் முன்னால் நிற்பார். இல்லையென்றால் பூமயில் நிற்பாள். சென்ற முறை நடந்ததை எண்ணி அவர்கள் சற்றுத் தயங்குவார்கள். "விதை எங்கன இருக்கு?" என்று கேட்பார்கள். நீ ஒன்றும் பேச வேண்டாம். இந்த ஆண்டு தப்பிய நெல்லில், பூமயில் நட்ட மூலையில் விளைந்ததைத் தனியாக அடித்து, காயவைத்து, வேப்பிலை போட்டு, உள்ளறையில் உன் அய்யாவின் பழைய மண்வெட்டி சாத்தியிருக்கும் சுவரோரம் இரண்டு சாக்குகளில் கட்டி வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் அதே இடத்தில் புதிய விதை இருக்கும். நீ நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, அந்த அறையை நோக்கிக் கையை நீட்டு.

உன் அம்மா